எந்தத் தெரு, எத்தனை மணி: ஜார்ஜ் டவுனில் சாப்பாடு

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் சாப்பாடு தேடிப் போகிறவருக்குத் தெருப்பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, மணியும் தெரிந்திருக்க வேண்டும். சூலியா தெருவில் பகலில் நடப்பவர் கண்ணில் படுவது பழைய கடைவீடுகளும் தங்கும் விடுதிகளும்தான். மாலை 6 மணிக்கு மேல் அதே தெருவோரம் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும், முக்காலிகள் விரியும், வான்டன் மீ, கறி மீ எனும் நூடுல்ஸ் வகைகளில் ஆவி பறக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டி, சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடையின் கதவு நண்பகலில் அடைத்திருக்கும். இரவு 10 மணி வாக்கில் போனால் தெருவில் வரிசை நிற்கும். சரியான கடைக்குத் தவறான நேரத்தில் போய் ஏமாந்து திரும்புவது இந்த ஊரில் சாதாரணம்.

ஆகவே இந்த அத்தியாயம் ஊரைப் பேட்டை பேட்டையாகவும் நாளை வேளை வேளையாகவும் எடுத்துக்கொள்கிறது. இரண்டு முழு நாள் கையில் இருப்பவர் இதில் சொன்னவற்றில் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடலாம். ஒரே நாள்தான் என்றால் காலையில் ஒரு காப்பிக் கடை, மதியம் நாசி கண்டார், இரவு கிம்பர்லி தெரு. மற்றதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான்கு தெருவுக்குள் ஓர் ஊர்

கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் 1786இல் இங்கே இறங்கியபோது போட்ட நகரம் மிகச் சின்னது. இன்றைய லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு ஆகிய நான்குக்கும் நடுவில் அடங்கிய கட்டம் அது. துறைமுகம் வளர வளர ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள், தென்சீனத்திலிருந்து ஹொக்கியன், தியோச்சூ, கன்டோனீஸ், ஹைனான் மக்கள், ஆச்சேயிலிருந்து அரபு வம்சத்தார், சயாமியர், பர்மியர் என்று ஒவ்வொரு கூட்டமும் ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டு, தன் கோயிலையும் அடுப்பையும் அங்கே வைத்தது.

பிட் தெருவுக்கு இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று பெயர். அதன் தொடக்கத்தில் 1818ஆம் ஆண்டின் செயின்ட் ஜார்ஜ் ஆலயம் நிற்கிறது. சற்றுத் தள்ளி ஊதுபத்திப் புகை அடங்காத குவான் யின் கோயில். இன்னும் சற்றுத் தள்ளி 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பக்கத்துக் குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். சூலியா தெருவுக்குப் போனால் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. எல்லாம் கால் மணி நேர நடைக்குள். யுனெஸ்கோ 2008இல் மலாக்காவோடு சேர்த்து இந்த நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவு நெருக்கத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள் ஒருவர் பாத்திரத்தை ஒருவர் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஜார்ஜ் டவுனின் மிகச் சிறந்த உணவுகள் அப்படி எட்டிப் பார்த்ததில் பிறந்தவை. எந்தத் தெருவில் உட்கார்ந்தாலும், பக்கத்து வீட்டின் கை பட்ட பண்டம் எது என்று விசாரித்து அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

காலை: காப்பிக் கடையின் சட்டதிட்டம்

மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, ரொட்டி சானாய், தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர் ஆகியவை அதில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டன. மூன்றும் ஒரே மேசையில், மூன்று இனத்தார் சூழ்ந்திருக்க உண்ணப்படுவதை ஜார்ஜ் டவுனில் எந்தக் காலையிலும் பார்க்கலாம்.

அதற்குச் சீனர் நடத்தும் காப்பிக் கடைதான் சரியான இடம். அதன் ஏற்பாடு புதியவருக்குச் சற்றுக் குழப்பும். கடைக்காரர் விற்பது பானங்கள் மட்டுமே. உணவெல்லாம் அதே கூரையின் கீழ் வாடகைக்கு இடம்பிடித்த ஒட்டுக்கடைகளில். முதலில் ஒரு மேசையைப் பிடித்து, மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, பிடித்த ஒட்டுக்கடையில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். தட்டு வந்ததும் கொண்டுவந்தவரிடம் காசு. காப்பிக்குத் தனியாக, வேறொருவரிடம் காசு. பானம் எதுவும் வாங்காமல் உட்கார்ந்தால் பல கடைகளில் இடத்துக்கென்று சிறு தொகை கேட்பார்கள். அதில் மனத்தாங்கல் கொள்ளத் தேவையில்லை. கடைக்காரரின் வருமானத்தில் பெரும்பங்கு அந்தக் கோப்பைகளில்தான் இருக்கிறது.

காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது இங்கே வழக்கம். கும்பகோணம் டிகிரி காப்பி பழகிய நாக்குக்கு இதன் கரிந்த இனிப்பு முதல் வாயில் விநோதமாகப் படும், மூன்றாம் வாயில் பிடித்துவிடும். 'கோப்பி' என்றால் சுண்டிய இனிப்புப் பாலோடு. 'கோப்பி ஓ' என்றால் பாலில்லாமல் சர்க்கரையோடு. சர்க்கரையும் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ கோசோங்'. கேம்பல் தெருவை ஒட்டிய குறுகிய சந்தொன்றில் கரித்தணலில் ரொட்டி வாட்டித் தரும் தோ சூன் கடை இதற்குப் பேர்பெற்றது. வெண்ணெயும் காயாவும் தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, மேலே சோயாவும் மிளகுப்பொடியும். காயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் கிண்டிய பசை.

ரொட்டி சானாய்க்கு டிரான்ஸ்பர் சாலைக்குப் போக வேண்டும். தெருவோர மேசைகள்தான். ரொட்டியைக் கிழித்துப் போட்டு, மேலே கோழி அல்லது மாட்டிறைச்சிக் குழம்பை மூழ்க ஊற்றித் தருவார்கள். 'பஞ்சிர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழம்பு வெள்ளமாக வரும். நம்மூர் பரோட்டாவின் நெருங்கிய உறவு இது. மாவு இன்னும் இளக்கமாக, பதம் இன்னும் மென்மையாக இருக்கும்.

பழைய நகரத்துக்கு வெளியே புலாவ் திக்குஸ் பக்கம் தங்கியிருப்பவர் பர்மா சாலையில் பேங்காக் லேன் முனையிலுள்ள செங் லீ காப்பிக் கடையைத் தவறவிடக் கூடாது. சீனர் கடை, அதற்குள் தமிழ் முஸ்லிம் மரபில் வந்த மீ கோரெங் அடுப்பு. ஹொக்கியன்காரர்களின் மஞ்சள் மீயை எடுத்து, மிளகாய் விழுதும் சர்க்கரைவள்ளி சேர்ந்த இனிப்புக் குழம்பும் கணவாயும் தோஃபுவும் போட்டு இரும்புச் சட்டியில் புரட்டுகிறார்கள். சீனத்திலும் இந்தப் பண்டம் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. இந்த ஊரில்தான் உருவானது.

சௌரஸ்தா சந்தையும் பின்தெருக்களும்

பினாங்கு சாலையில் உள்ள சௌரஸ்தா சந்தையை ஒரு சுற்றுச் சுற்ற முக்கால் மணி நேரம் போதும். வெளிப்புறக் கடைகளில் உப்பிலும் சர்க்கரையிலும் ஊறிய பழங்கள் கண்ணாடிச் சாடிகளில் அடுக்கியிருக்கும். ஜாதிக்காய்ச் சதையின் ஊறுகாய்தான் இதில் பார்க்க வேண்டியது. கம்பெனி காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இந்தத் தீவில் போடப்பட்டன. விதையும் பத்திரியும் கப்பலேறின, சதை ஊரிலேயே தங்கி ஊறுகாயாகவும் சாறாகவும் ஆனது. வெயிலில் நடந்து களைத்தவர் ஒரு கிளாஸ் ஜாதிக்காய்ச் சாறு வாங்கிக் குடிக்கலாம். வேறெங்கும் எளிதில் கிடைக்காத மணம். சந்தையை ஒட்டித் தமிழ்த் தெரு என்ற பெயரிலேயே ஒரு தெருவும் இருக்கிறது.

மதியம்: நாசி கண்டார்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு உணவுக்குத்தான் இடம் என்றால் அது நாசி கண்டார்தான். தோளில் ஒரு கம்பு, அதன் இரு முனையிலும் கூடை. ஒன்றில் சோறு, மற்றதில் குழம்பு. அப்படிச் சுமந்துகொண்டு துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற சாப்பாடு இது. சுமந்து விற்ற காலம் போய்விட்டது, குழம்பு நிலைத்துவிட்டது. கேம்பல் தெருவில் முகமது தம்பி ராவுத்தர் தொடங்கிய ஹமீதியா 1907ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. இன்று பினாங்கில் இந்தக் கடைகளில் கல்லாவிலோ கரண்டி பிடித்தோ இருப்பவர்களில் ராமநாதபுரம், கடையநல்லூர் பக்கத்து வேர் உள்ளவர்கள் நிறைய. தமிழில் பேசினால் முகம் மலரும். 'அண்ணே' என்றோ 'பாய்' என்றோ கூப்பிடலாம்.

வாங்கும் முறை இப்படி. வரிசையில் நின்று தட்டில் சோறு வாங்கிய பிறகு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கறிகளைக் காட்ட வேண்டும்: பொரித்த கோழி, கருப்பாகச் சுண்டிய மாட்டிறைச்சி, மீன் தலை, மீன் சினை, கணவாய், வெண்டைக்காய், அவித்த முட்டை. எடுத்து முடித்ததும் கரண்டிக்காரர் குழம்பு ஊற்ற ஆரம்பிப்பார். புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான். ஒரே ஒரு குழம்பு என்று சொல்லி நிறுத்தினால் அது வெறும் சோறும் கறியும்தான். கோழிக் குழம்பு கொஞ்சம், மீன் குழம்பு கொஞ்சம், இறைச்சிக் குழம்பு கொஞ்சம், சோற்றின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். 'குவா சம்போர்' என்று கேட்டால் அப்படிக் கலந்து கிடைக்கும். எந்தக் குழம்பின் தனிச்சுவையும் இல்லாமல் மூன்றும் சேர்ந்து நான்காவதாக ஒரு சுவை வரும். அதற்காகத்தான் வரிசை.

முதன்முறை போகிறவர் ஒரு கறி, ஒரு வெண்டைக்காய், கலந்த குழம்பு, அதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். கண்ணில் பட்டதையெல்லாம் தட்டில் ஏற்றினால் குழம்புகளின் சேர்க்கை தெரியாமலே வயிறு நிறைந்துவிடும். பெரிய இறால், கணவாய், மீன் தலை ஆகியவற்றின் விலையைத் தட்டில் வைப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். ஊர்க்காரர்களே கேட்கிறார்கள்.

எந்தக் கடை உயர்ந்தது என்ற வழக்கு பினாங்கில் தீராது. பினாங்கு சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருக்கும் லைன் கிளியர், இரவு நெடுநேரம் விழித்திருப்பவர்களின் கடை. பள்ளிவாசல் அருகே இரவில் திறக்கும் கடைக்கு வரிசை என்று பொருள்படும் 'பெராத்தூர்' என்பதே பெயராகிவிட்டது. அமைதியாக உட்கார்ந்து சாப்பிட விரும்புகிற குடும்பங்களுக்கு ஹமீதியா வசதி. அங்கே முட்டையும் இறைச்சியும் அடைத்த முர்தபாவும் நன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் பலவும் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் போவதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

லிட்டில் இந்தியா, சுருக்கமாக

மார்க்கெட் தெரு, பினாங்கு தெரு, குயின் தெரு சேர்ந்த லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, தோசை, வடை எல்லாம் உண்டு. சைவ உணவு மட்டும் உண்பவருக்கு இது பெரிய ஆறுதல். மற்றவர்கள், ஊரில் கிடைப்பதையே தேடி இங்கே ஒரு வேளையைச் செலவழிக்க வேண்டாம். சமோசாவும் ஒரு தேநீரும் போதும். இடியாப்பத்தை மட்டும் கண்டால் வாங்கலாம். 'புத்து மாயம்' என்ற பெயரில், துருவிய தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் தூவி, மலாய்க்காரரும் சீனரும் வாங்கிப் போவதைப் பார்ப்பதே நிறைவாக இருக்கும்.

வெயில் தாழும் நேரம்

பினாங்கு சாலையிலிருந்து கிளைக்கும் கெங் குவீ தெருவில் 1936 முதல் விற்பதாகச் சொல்லும் தியோச்சூ செண்டோல் வண்டி நிற்கிறது. எதிரே அதற்குப் போட்டியாக இன்னொன்று. பாண்டான் இலையின் பச்சை ஏறிய மாவுத் துண்டுகள், சிவப்புப் பயறு, துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பனஞ்சர்க்கரைப் பாகு. கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தெருவிலேயே நின்று குடிப்பதுதான் வழக்கம்.

இதே நேரத்துக்குப் பொருந்துவது பசெம்பூர். தமிழ் முஸ்லிம் வண்டிகளில் குவிந்திருக்கும் இறால் வடை, தோஃபு, உருளைக்கிழங்கு, கணவாய் ஆகியவற்றில் வேண்டியதைக் காட்டினால், நறுக்கிப்போட்டு வெள்ளரிக்காய்த் துருவலும் சேர்த்து, சர்க்கரைவள்ளியில் கெட்டியான இனிப்புக் காரச் சாற்றை ஊற்றித் தருவார்கள். கர்னி கடற்கரைச் சாலையின் மாலைநேர ஒட்டுக்கடைகளில் இது எளிதில் கிடைக்கும். அந்த இடம் சுற்றுலாப் பயணிகளால் நிரம்பிவிட்டது என்ற குறை உண்மைதான். ஆனாலும் நாலு பேர் நாலு விதமாகச் சாப்பிட வேண்டிய குடும்பத்துக்கு அதைவிட வசதியான இடம் குறைவு.

இரவு: கிம்பர்லி தெருவும் கரி அடுப்பும்

கிம்பர்லி தெருவில் இருட்டிய பிறகு நடப்பவர் முன்னே, சுருட்டிய அரிசித் தாள்களோடு வாத்து இறைச்சி மிதக்கும் கருஞ்சாற்றுக் கோய் சாப், அரிசிமாவுக் கட்டியை முட்டையோடு வறுக்கும் சார் கோய் கக், கொட்டைகளும் பழமும் போட்ட இனிப்புச் சாறு ஆகியவை அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றிலும் சின்னக் கிண்ணமாக வாங்கி, பகிர்ந்து சாப்பிட்டு, அடுத்ததற்கு நகர வேண்டும்.

சார் கோய் தியாவுக்குத் தனிப் பொறுமை வேண்டும். பட்டை அரிசி மீ, இறால், சிப்பிச் சதை, முளைப்பயறு, பூண்டுத்தாள், முட்டை. உண்மையான கைக்காரர் ஒரு முறைக்கு ஒரு தட்டுதான் போடுவார். நாலு தட்டைச் சேர்த்துப் போட்டால் சட்டியின் சூடு தணியும், மீ வறுபடாமல் வேகும், கருகல் மணம் வராது. சயாம் சாலையில் இன்னமும் கரியில் வறுக்கும் புகழ்பெற்ற கடைக்கு முன்னால் வரிசை நீளமாக இருப்பதன் காரணம் இதுதான். பன்றிக் கொழுப்பில் வறுப்பது சீனர் வழக்கம். அதை உண்ணாதவர்களுக்கு ஹலால் முறையில் வறுக்கும் கடைகள் தனியே உண்டு.

பினாங்கில் ஹொக்கியன் மீ என்று கேட்டால் இறால் ஓட்டை வறுத்துக் கொதிக்கவைத்த சிவந்த சாற்றில் மீ வரும். கோலாலம்பூரில் அதே பெயருக்குக் கருஞ்சோயாவில் வறுத்த மீ. கறி மீயில் வேகவைத்த பன்றி இரத்தக் கட்டிகள் இருக்கலாம். வேண்டாதவர் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஏர் ஈத்தாமும் புலாவ் திக்குஸும்

பழைய நகரத்தை விட்டு வெளியே போக ஒரு பாதி நாள் ஒதுக்கலாம். பினாங்கு மலைக்குப் போகும் 204ஆம் எண் பேருந்து ஏர் ஈத்தாம் வழியாகச் செல்கிறது. கெக் லோக் சி கோயிலின் படிகளை ஏறி இறங்கியபின், கீழே சந்தையைச் சுற்றிய கடைகளில் அசாம் லக்சா. தேங்காய்ப்பால் கிடையாது. கானாங்கெளுத்தி வகை மீனைச் சாற்றிலேயே கரையவிட்டு, புளியும், நம்மவர்க்குத் தெரிந்த குடம்புளியின் உறவான அசாம் கெலுகோரும் போட்டுப் புளிக்கவைத்து, காட்டு இஞ்சிப்பூவும் கெசும் இலையும் மணக்க, கொழகொழப்பான அரிசி மீயின் மேல் ஊற்றுகிறார்கள். மேலே வெள்ளரி, அன்னாசி, புதினா, வெங்காயம். ஓரத்தில் ஒரு கரண்டி கருத்த இறால் பாகு. அதைக் கலக்கும் முன் ஒரு வாய், கலந்தபின் ஒரு வாய் குடித்துப் பார்ப்பது நல்லது. மீன் புளிக்குழம்பு தெரிந்த தமிழ் நாக்குக்கு இது ஒரே வாயில் வசப்படும்.

புலாவ் திக்குஸ் வேறு விதம். பர்மா சந்தில் தாய்க் கோயிலும் பர்மியக் கோயிலும் எதிரெதிரே நிற்கின்றன. சந்தையில் காலையில் ஞோஞ்ஞா பலகாரங்கள் வண்ணவண்ணமாக விரிந்திருக்கும். சீன வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான பாபா ஞோஞ்ஞா குடும்பங்களின் சமையல், மலாக்காவில் தேங்காய்ப்பாலும் இனிப்புமாகவும், சயாமுக்கு அருகிலுள்ள பினாங்கில் புளிப்பும் காரமும் பச்சிலையுமாகவும் வளர்ந்தது. புளிக்கவைத்த மீன் குடலைப் பலவகை இலைகளோடு கொதிக்கவைத்த 'பெருட் ஈக்கான்' இதன் உச்சம். இதே சமையலை நகரத்துக்குள் பிஷப் தெருவில் ஆண்டி கெய்க் லீன் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். மிஷெலின் வழிகாட்டி 2022 டிசம்பரில் முதன்முறை பினாங்குக்கு வந்தபோது ஒரு நட்சத்திரம் பெற்ற இரண்டு உணவகங்களில் அது ஒன்று. முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம்.

பர்மா சாலையில் ஆப்பமும் உண்டு. தமிழர் கொண்டுவந்த பண்டம். மெல்லியதாக, கையகல அளவில், நடுவில் வாழைப்பழமும் சோளமும் வைத்து மடித்து, சீனர் வண்டியில் சுடச்சுட விற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் இதை நின்று சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் தனி விருப்பம்.

சைவ உணவுக்காரர்களுக்கும், பண்டிகை நாளில் போகிறவர்களுக்கும்

மரக்கறி மட்டும் உண்பவர்கள் கவனிக்க வேண்டியது பெலாச்சான். இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த இந்தக் கட்டி, காய்கறி வறுவலிலும் சம்பலிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். 'காய்தானே' என்ற பதிலை நம்பாமல் 'பெலாச்சான் போட்டதா' என்று நேராகக் கேட்க வேண்டும். செண்டோல், ஆப்பம் போன்றவற்றிலும் முட்டை, பால் பற்றி விசாரித்துக்கொள்ளலாம்.

ஒட்டுக்கடைகளுக்குப் பொதுவான விடுமுறை நாள் கிடையாது. ஒருவர் திங்கள், இன்னொருவர் புதன் என்று அடைப்பார்கள். சீனப் புத்தாண்டு வாரத்தில் பாதிக்கு மேல் மூடியிருக்கும். அடுப்பில் நிற்பவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்று பினாங்கு அரசு 2016 ஜனவரி முதல் விதி வைத்திருக்கிறது. வெளிநாட்டவர் ஒட்டுக்கடையில் முதன்மைச் சமையல்காரராக இருக்க முடியாது. கைப்பக்குவம் குடும்பத்துக்குள் நிற்க வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது. ஆனால் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்ட கடைகளில் வயதானவர்களே நின்று வறுப்பதால், திறந்திருக்கும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. நேரத்தோடு போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தைப்பூசத்துக்குப் போகிறவர், ரதம் வரும் வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல்கள் இருப்பதால் சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. சீனர்களும் மூட்டை மூட்டையாகத் தேங்காய் வாங்கி ரதத்தின் முன் உடைப்பார்கள். சைவ உணவுக்காரர்களுக்கு இன்னும் நல்ல காலம் ஒன்று உண்டு. சீனப் பஞ்சாங்கத்தின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழா நடக்கும் ஒன்பது நாள், சீனர்கள் பெருந்திரளாக மரக்கறிக்கு மாறுகிறார்கள். தெருவோரம் மஞ்சள் கொடி கட்டிய கடைகள் முளைக்கும். மற்ற நாளில் இறாலும் கொழுப்புமாக விற்கும் மீ வகைகளெல்லாம் அந்த நாட்களில் காளானும் தோஃபுவுமாகக் கிடைக்கும். பெரும்பாலும் செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபருக்குள் வரும் இந்தத் திருவிழாவின் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டின் தேதியைக் கேட்டறிந்த பிறகே விமானச்சீட்டு எடுக்க வேண்டும்.